கடலைப் படிப்பதும் கரைக்குச் சொல்வதும்

தூத்துக்குடி என்றதும் உங்களில் சிலருக்கு 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரனார் நினைவுக்கு வருவார். சிலருக்கு வெண்மணற் குன்றுகளைப் போல் குவிந்து கிடக்கும் உப்பு நினைவுக்கு வரும். ஆனால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முத்து. முத்துநகர் என்றே அந்த ஊரை நாம் அழைக்கிறோம். அந்நகரத்து இளைஞர் ஒருவரை அணுகி, முத்துக்குளிப்பைக் கண்ணால் கண்டதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பார். அவருடைய தந்தையாரும் பெரும்பாலும் அதே விடையைத்தான் சொல்வார். ஏனெனில் தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்த ஆண்டு 1961. பெயர் நிலைத்துவிட்டது, பெயருக்குரிய பொருளோ கடலுக்கடியில் மறைந்துவிட்டது.

இன்று நம் பல்கலைக்கழகங்களில் கானுயிர்ப் பாதுகாப்பை ஆராய்ச்சிப் பொருளாக ஏற்கும் மாணவர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களுள் சிலர் ஆராய்ச்சியோடு நின்றுவிடாமல், சுற்றுச்சூழலைப் பற்றிய செய்திகளை மக்களிடம் கொண்டு சேர்க்கும் பணியையும் மேற்கொள்ள விரும்புகிறார்கள். இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது பலருடைய எண்ணம். உண்மையை ஆராய்ந்து காண்பது ஒருவர் வேலை, கண்டதை ஊருக்கு உரைப்பது மற்றொருவர் வேலை என்று அவர்கள் பிரித்துவிடுகிறார்கள். அப்படிப் பிரித்தால் இரண்டும் கெடும் என்பதே இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. முத்துக்கரையின் வரலாறே போதும்.

முதலில் முத்துச் சலாபம் எப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம். பாண்டிய நாட்டு முத்தின் புகழ் மிகப் பழமையானது. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அந்நாளில் இருந்த கொற்கைத் துறைமுகம் அதன் நிலைக்களம். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல் ஒன்று, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்று கூறுகிறது. பின்னர் ஆறு கொணர்ந்த வண்டல் கரையை முன்தள்ளியது. கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. பழைய காயலுக்கும், அதன்பின் தூத்துக்குடிக்கும் துறைமுகப் பெருமை சென்றது. போர்ச்சுகீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் அடுத்தடுத்து இக்கரைக்கு வந்ததில் முத்துக்கும் சங்குக்கும் பெரும் பங்கு உண்டு.

முத்துச் சிப்பிகள் கடலில் எங்கும் பரவிக் கிடப்பவை அல்ல. கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஏழெட்டுப் பாகம் முதல் பன்னிரண்டு பாகம் வரையுள்ள ஆழத்தில், பாறைத் திட்டுகள் சில உண்டு. அவற்றைக் கடலோர மக்கள் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. தோலாயிரம் பார் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. இந்தப் பார்களில்தான் சிப்பிகள் நாரிழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு கூட்டமாக வளர்கின்றன.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிப்பி இருக்கிறது என்று தெரிந்தவுடன் யாரும் பாய்ந்து அள்ளிவிடவில்லை. முதலில் பார்களைச் சோதிப்பார்கள். அதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். அவர் அனுபவம் மிக்க குளிப்பாளர்களுடன் படகில் சென்று, மாதிரிக்காகச் சிப்பிகளை எடுத்துவரச் செய்வார். அவற்றின் வயது என்ன, பருமன் என்ன, குறிப்பிட்ட எண்ணிக்கையில் எவ்வளவு முத்துக் கிடைக்கிறது, அதன் விலை என்ன என்பவையெல்லாம் கணக்கிடப்படும். சிப்பி இளமையாக இருந்தால் சலாபம் இல்லை. நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்து, முத்தும் தக்க அளவில் இருந்தால்தான் சலாபம் அறிவிக்கப்படும். அதனால் சலாபம் ஆண்டுதோறும் நடைபெறும் திருவிழாவாக இல்லை. சில சமயம் பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள்கூட அது நடவாமல் போனதுண்டு. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததே பெரிய வியப்பு.

சங்குக்கும் இதுபோன்ற ஒழுங்கு இருந்தது. குளித்து எடுத்த சங்குகளை ஒரு வளையத்தில் இட்டுப் பார்ப்பார்கள். ஏறத்தாழ இரண்டேகால் அங்குல விட்டமுள்ள அந்த வளையத்துக்குள் நுழைந்துவிடும் சங்கு இளஞ்சங்கு. அதை உயிரோடு மீண்டும் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த விதியைப் புரிந்துகொண்டார். வளையமே விதியைச் சொல்லிற்று! ஆராய்ச்சியின் முடிவை மக்கள் கைக்கு எட்டும் வடிவில் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இக்கரையில் நவீன விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அடிகோலியவர்களுள் ஜேம்ஸ் ஹார்னெல் குறிப்பிடத்தக்கவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் முத்துப் பார்களை ஆராய வந்த அவர், பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து, தூத்துக்குடிக் கடலை நன்கு ஆராய்ந்தார். சங்கைப் பற்றி அவர் 1914ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படிப்பவர் சங்கின் உடலமைப்பை மட்டும் அறிவதில்லை. அதைக் குளித்தெடுப்பவர்கள் யார், அது வங்காளத்துக்குச் சென்று எப்படி வளையல் ஆகிறது, கோயிலிலும் இல்லத்திலும் அதற்கு என்ன இடம் என்பவற்றையும் அறிகிறார். ஒரு பிராணியை ஆராய்வதற்கு அதனோடு வாழும் மனிதரையும் அறிய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவருக்குப் பின், 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் மூச்சுக்கருவி அணிந்து கடலுக்குள் இறங்கி, முத்துப் பார்களையும் சங்கு நிலங்களையும் நேரிற் கண்டு எழுதினார்கள். அதுவரை குளிப்பாளர்கள் சொல்லக் கேட்டு அறிந்ததை, விஞ்ஞானி தம் கண்ணாலேயே காணும் காலம் வந்தது. அதே நிலையத்தின் தூத்துக்குடிக் கிளையில் கே. அழகர்சாமி 1973ஆம் ஆண்டில் சிப்பியின் உடலில் கரு ஒன்றைப் பதித்து, உருண்டையான முத்தை விளைவித்துக் காட்டினார். 1981ஆம் ஆண்டில் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கும் முறையும் அங்கே கைவந்தது. இவை நம் நாட்டு விஞ்ஞானத்துக்குப் பெருமை தரும் வெற்றிகள். ஆயினும் இயற்கைப் பார்களில் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி மீண்டும் பெருகவில்லை. ஆய்வுக்கூடத்தில் முத்தை விளைவிப்பது வேறு; கடலை நலமுடன் வைத்திருப்பது வேறு. இரண்டாவது வேலை ஆய்வுக்கூடத்துக்குள் முடிவதில்லை.

கடலை நலமுடன் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை மன்னார் வளைகுடாத் தீவுகள் காட்டுகின்றன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையோரமாக 21 சிறு தீவுகள் ஒரு மாலைபோல் அமைந்திருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ளன. இவற்றைக் காப்பதற்காக 1986ஆம் ஆண்டில் 560 சதுரக் கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் அதைச் சூழ்ந்த 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. இந்த வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தீவுகள் அமைந்திருந்தன என்று இறந்த காலத்தில் சொன்னேன். 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் இப்பொழுது நீர்மட்டத்துக்கு மேல் இல்லை. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு, 1960களின் இறுதியில் ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புடன் இருந்தது. 2015ஆம் ஆண்டுவாக்கில் அது சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. ஏன் இப்படி ஆயிற்று?

பவளப் பாறை என்பது உயிரற்ற கல் அன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சின்னஞ்சிறு பிராணிகள் கோடிக்கணக்கில் கூடி, தங்கள் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்து எழுப்பிய மாளிகை அது. அந்த மாளிகை கடலலையின் வேகத்தைத் தடுத்து, பின்னால் உள்ள மணல் தீவைக் காக்கிறது. பல பத்தாண்டுகளாக இந்தப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும், கட்டடங்களுக்காகவும், தொழிற்சாலைகளுக்காகவும் பெயர்த்து எடுத்தார்கள். மதிலை இடித்த பின் வீட்டுக்குக் காவல் ஏது? அலை தீவின் மணலை அரித்தது. 2001ஆம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் ஆழிப் பேரலைக்குப் பிறகு, பவளப் பாறை கரைக்கு அரண் என்ற உணர்வும் மக்களிடையே வலுத்தது. சட்டமும் உணர்வும் சேர்ந்த பிறகே, 2005ஆம் ஆண்டில், பவளம் வெட்டும் தொழில் நின்றது. சட்டம் வந்த ஆண்டுக்கும் தொழில் நின்ற ஆண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மனத்தில் கொள்ளுங்கள். அறிவும் உணர்வும் கடந்துவர வேண்டிய தொலைவு அது.

வான் தீவைக் காக்க 2015ஆம் ஆண்டு முதல் ஒரு முயற்சி நடந்தது. துளைகளுள்ள சிமெண்டுக் கட்டமைப்புகளைத் தீவின் கடற்புறத்தில் வரிசையாக இறக்கினார்கள். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தமிழ்நாடு அரசின் இம்முயற்சிக்குத் துணைநின்றன. அலையின் வேகம் குறைந்தது; அரிப்பு தணிந்தது. இறக்கிய கட்டமைப்புகளின் மேல் பவளம் பற்றி வளரவும், மீன்கள் அங்கே வந்து தங்கவும் தொடங்கின. இடிந்த மதிலை மனிதன் கட்டிக்கொடுத்தால், இயற்கை அதில் மீண்டும் குடியேறுகிறது.

ஆனால் கடல்நீர் சூடேறுவதை எந்த மதிலும் தடுக்காது. கோடையில் நீரின் வெப்பம் வழக்கத்தை மீறி நீடித்தால், பவளப் பிராணியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் அதை விட்டு நீங்குகின்றன. பவளம் வெளுத்துவிடுகிறது. விரைவில் வெப்பம் தணிந்தால் பிழைக்கும், இல்லையேல் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெரும் வெளுப்பு ஏற்பட்டது. 2016இல் மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு பவளம் மடிந்தது. இந்தக் கணக்கை யார் எடுத்தார்கள்? நீருக்கடியில் இருபது மீட்டர் நாடாவை விரித்து, அதன்கீழ் உயிருள்ள பவளம் எவ்வளவு, மடிந்தது எவ்வளவு, மணல் எவ்வளவு என்று அங்குலம் அங்குலமாகக் குறித்த இளம் ஆராய்ச்சியாளர்கள். ஆண்டுதோறும் அதே இடத்துக்குச் சென்று அதே வேலையைச் செய்தால்தான் மாற்றம் புலப்படும். சலிப்பில்லாத பொறுமையே இந்த விஞ்ஞானத்தின் முதல் கருவி.

இனி, இக்கடலை ஆராய வரும் ஒரு பல்கலைக்கழக மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் ஆராய எடுத்துக்கொண்ட பிராணி கடற்பசு. இக்கடலோர மக்கள் அதை ஆவுளியா என்பார்கள். கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி அது. மீனைப் போல் செவுளால் சுவாசிப்பதன்று. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்ப்பரப்புக்கு வந்து மூச்சுவாங்க வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர இயலாமல் மூச்சுமுட்டி இறந்துவிடும். தாய் ஒரு நேரத்தில் ஒரு கன்றே ஈனும். அதுவும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். ஆகவே ஓர் ஆவுளியா இறந்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகிறது. இதன் பொருட்டே 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில், பாக்கு விரிகுடாவின் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இத்தகைய முதல் பாதுகாப்பகம் இதுவே.

நம் மாணவி படகேறிக் கடலுக்குப் போகிறார். ஒரு நாள், பத்து நாள், ஒரு மாதம் போனாலும் ஆவுளியா கண்ணில் படுவது அரிது. அப்பொழுதுதான் அவருக்கு ஓர் உண்மை புலப்படுகிறது. தாம் ஆண்டில் சில நாள் பார்க்கும் கடலை, நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கரையில் இருக்கிறார்கள்! அவர்களிடம் கேட்கத் தொடங்குகிறார். கொண்டல் எப்பொழுது எழும், கச்சான் எப்பொழுது வீசும், நீவாடு எந்தத் திசையில் இழுக்கிறது, நீர் எங்கே கலங்கும், எங்கே தெளியும் என்பவையெல்லாம் அவர்களுக்குப் பாடம். கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, நீருக்கடியில் மறைந்திருக்கும் பார் எது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். புத்தகத்தில் கடற்புல் வெளி என்று மட்டும் படித்துவந்தவருக்கு, அந்த வெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கற்பிக்கும் ஆசிரியர்கள் அவர்கள்.

இவ்வாறு பழகிவரும் நாளில், முதியவர் ஒருவர் மாணவியிடம் தனியே சொல்கிறார்: "மகளே, போன மாசம் எங்கள் வலையில் ஓர் ஆவுளியா மாட்டிக்கிட்டு. நாங்கள் பார்க்கும்போது உயிர் இல்லை. வெளியே சொன்னால் வழக்கு வரும் என்று கடலிலேயே விட்டுவிட்டோம்." இது கற்பனைதான், ஆனால் இத்துறையில் இறங்கும் எவருக்கும் ஒருநாள் நேரக்கூடியது. இப்பொழுது மாணவி என்ன செய்வது? செய்தி விஞ்ஞானத்துக்கு மிகவும் தேவையானது. இறந்த பிராணிகளின் கணக்கு இல்லாமல் இனத்தின் நிலையை அறிய முடியாது. ஆனால் அதைச் சொன்னவர் அவரை நம்பிச் சொன்னார். அம்முதியவர் வேண்டுமென்றே கொன்றவரும் அல்லர்.

நம் மாணவி அந்த முதியவரின் பெயரையும் படகின் அடையாளத்தையும் தம் குறிப்பேட்டில் எழுதாமல், இடம், பருவம், வலையின் வகை ஆகியவற்றை மட்டும் எழுதுகிறார். பின்பு அவரிடமே கேட்கிறார்: "ஐயா, வலையை எத்தனை நாழிகைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்? எந்தத் துறையில் வலையிடாமல் இருந்தால் ஆவுளியா பிழைக்கும் என்று நினைக்கிறீர்கள்?" அந்தக் கேள்வியில் ஆராய்ச்சியும் செய்தித்தொடர்பும் ஒன்றாகிவிடுகின்றன. செய்தி சொன்னவர் இப்பொழுது குற்றவாளியாக நிற்கவில்லை, ஆராய்ச்சியின் பங்காளியாகிறார். அடுத்த முறை உயிரோடு ஓர் ஆவுளியா சிக்கினால், அவர் வலையை அறுத்து அதை விடுவிப்பார் என்று நம்ப இடமுண்டு. வலையை அறுப்பது ஏழை மீனவருக்குச் சிறு இழப்பு அன்று. அந்த இழப்பை ஈடுகட்டுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்று மாணவி தம் ஆய்வேட்டில் எழுத வேண்டும்.

டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் கடற்பசுவுக்காக நடத்திய திட்டத்தில் இந்த உணர்வைக் காணலாம். மீனவர்களிடமிருந்தே கடற்பசுவைக் கண்ட செய்திகளைத் திரட்டியதோடு, மீனவக் குழந்தைகளின் கல்விக்கு உதவித்தொகையும் அத்திட்டத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. தம் குழந்தையின் படிப்போடு ஒரு பிராணியின் பெயர் சேர்ந்து வரும்போது, அந்தப் பிராணி வீட்டுப் பேச்சில் இடம்பெறுகிறது. ஆயிரம் அறிவிப்புப் பலகைகள் செய்யாததை அது செய்யும்.

இதற்கு எதிரான பாடமும் நம் கரையில் உண்டு. 2001ஆம் ஆண்டில் பவளத்தோடு கடல் அட்டைகளும் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டுச் சந்தைக்காக அளவுமீறி எடுக்கப்பட்டு வந்த பிராணி அது. கடலடி மணலை உண்டு, அதிலுள்ள கழிவைச் செரித்துத் தூய்மை செய்வது அதன் தொழில். அதைக் காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அட்டை குளித்துப் பிழைத்த குடும்பங்களுக்கு அத்தடை பேரிடியாக வந்தது. தடையை நீக்க வேண்டும் என்று மீனவர்கள் பலமுறை வேண்டினார்கள். திருட்டுத்தனமாக அட்டை எடுப்பதும் கடத்துவதும் நிற்கவில்லை; பிடிபட்ட செய்திகளை நாளிதழ்களில் இன்றும் காண்கிறோம். தடை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கு வரவில்லை. சங்குக்கு ஒரு வளையம் கண்ட அதே கரையில், அட்டைக்கு அப்படி ஒரு வளையத்தை நாம் காணவில்லையே என்பதுதான் என் வருத்தம். அந்த வளையத்தைக் காண்பது உங்கள் தலைமுறையின் ஆராய்ச்சிக்கு உரிய பொருள்.

சரி, ஆராய்ச்சியைக் கரைக்குச் சொல்வது எப்படி? முதலாவது, கரையின் மொழியில் சொல்ல வேண்டும். ஆவுளியா என்ற சொல் இருக்கும்போது, நாவில் நுழையாத விஞ்ஞானப் பெயரைச் சொல்லிப் பயன் இல்லை. விஞ்ஞானப் பெயர் விஞ்ஞானிகளுக்குள் குழப்பம் வாராமல் இருக்க ஏற்பட்டது. மக்களை மிரட்ட ஏற்பட்டதன்று. இரண்டாவது, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். பத்துப் பவளம் வெளுத்திருக்க, கடலே செத்துவிட்டது என்று முழங்கினால், மறுநாள் கடலுக்குச் சென்று திரும்பும் மீனவர் சிரிப்பார். அதன்பின் நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார். மூன்றாவது, கண்டுபிடித்ததை முதலில் யாரிடமிருந்து பெற்றோமோ அவர்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். பட்டம் பெற்றதும் ஊரைவிட்டுச் சென்று, ஆய்வேட்டை நூலகத்து அலமாரியில் அடுக்கிவிடுவது நன்றியன்று.

இயற்கையை எழுத்தில் எப்படிச் சொல்வது என்பதற்குச் சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் ஒரு முன்மாதிரி. 1950ஆம் ஆண்டில் ஒரு கல்கத்தா நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, 1996ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை தொடர்ந்து வெளிவந்தது. தெருவோரத்துக் காகத்தையும் அணிலையும் அவர் காட்டு யானையைக் கண்ட அதே கவனத்தோடு கண்டார். கண்டதை மிகைப்படுத்தாமல் எழுதினார். வானொலியும் இப்பணிக்கு ஏற்ற கருவியே. 2016ஆம் ஆண்டில் பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை என்ற சமுதாய வானொலி தொடங்கியது. அங்கே மீனவரே பேசுகிறார்; மீனவரே கேட்கிறார். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம்; படிப்பு வேண்டியதில்லை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அத்தகைய ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து பத்து நிமிடம் தம் ஆய்வைப் பிழையின்றி, எளிமையாகச் சொல்லக் கற்றுக்கொண்டால், அதையே அவருடைய மெய்யான வாய்மொழித் தேர்வு என்பேன்.

மாணவ நண்பர்களே, முத்துக் குளிக்கும் முறையை நினைவூட்டி என் பேச்சை முடிக்கிறேன். குளிப்பவர் கனமான கல் ஒன்றில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவார். கீழே அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், சற்றுக் கூடவோ குறையவோ. அதற்குள் சிப்பிகளைப் பையில் சேர்த்துக்கொண்டு, கயிற்றை அசைத்துக் குறிப்புக் காட்டுவார். படகில் இருப்பவர் அக்கணமே அவரை மேலே இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்று சொல்லும் வழக்கு உண்டு. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அறிந்தவர் கண்ணயர மாட்டார் அல்லவா?

ஆராய்ச்சி செய்பவர் கடலுக்குள் இறங்குபவர். அவர் கண்டதைக் கரைக்குக் கொண்டு சேர்ப்பது அந்தக் கயிறு. கயிறு இல்லாமல் இறங்கினால் எடுத்த முத்து கடலோடு போகும். இறங்குபவர் இல்லாமல் கயிறு மட்டும் இருந்தால் வெறும் பேச்சே மிஞ்சும். கடலோர மக்களை உறவாக எண்ணுபவர் கையில் அந்தக் கயிறு இருக்க வேண்டும். 1961க்குப் பின் நடவாத சலாபம் உங்கள் காலத்தில் மீண்டும் நடக்குமோ நடவாதோ. தோலாயிரம் பாரில் சிப்பியும், வான் தீவைச் சுற்றிப் பவளமும், பாக்கு விரிகுடாவில் ஆவுளியாவும் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் வாழ வேண்டும். அதைச் செய்ய உங்களுள் சிலராவது அந்தக் கரைக்கு வருவீர்கள் என்று நம்புகிறேன். வரும்போது குறிப்பேட்டோடு வாருங்கள். முதலில் கேட்பதற்குச் செவியோடும் வாருங்கள்.